உள்கொடியில் ஒரு பச்சைச் சட்டை

இன்னும் காயவில்லை. ஷிஃபானா கழுத்துப் பட்டையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள், தையல் ஓரம் ஈரமாகவே இருந்தது, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சில்லென்றது. காலையில் துவைத்துப் போட்ட துணி, பொழுது சாயப் போகிறது, இன்னும் இப்படி. காற்றுக்குக் குறைச்சல் இல்லை, கணவாய் வழியாக வருகிற கோயமுத்தூர்ச் சாரல் காற்று, எதிர் பிளாக்கில் யாருடைய லுங்கியோ அதில் கொடியேற்றியதுபோல் படபடத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் காற்று பால்கனியின் வெளிக்கொடிக்குத்தான் கிடைக்கும். இந்தச் சட்டை உள்கொடியில் தொங்கியது, வெளிக்கொடி முழுக்க இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று அகலமாக மறைத்துக்கொண்டு. விரிப்பைத் துவைத்திருக்க வேண்டியதே இல்லை, முந்தாநாள்தான் மாற்றியது. ஒரு சின்னப் பையனின் சட்டையை மறைப்பதற்காக அழுக்கில்லாத விரிப்பைத் துவைத்தவள் இந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, வந்த வழியே போய்விட்டது. மறைத்தால் காயாது. காற்றில் போட்டால் தெரியும். தெரிந்தால்தான் என்ன? பள்ளிக்கூடச் சட்டை. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு ஹவுஸ், சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நவ்ஃபலுக்குப் பச்சை வந்தது, நெஞ்சில் பள்ளிக்கூடத்து முத்திரை, முதுகில் ஓர் எண். அன்றைக்கு அவன் வேனிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தான், அம்மா நானும் கிரீன் ஹவுஸ், உன்னை மாதிரியே கிரீன் ஹவுஸ்! இரண்டு பேரும் கூடத்தில் கைகோத்துக்கொண்டு சுற்றினார்கள். வெறும் பச்சை அது. மாவிலைப் பச்சை. இல்லை, எதற்குப் பொய், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பச்சைதான்.

கீழே இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவே பெரிய திரை கட்டிக்கொண்டிருந்தார்கள். அசோசியேஷன் செயலாளர் நாச்சிமுத்து ஏணியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டு, "அக்கட்ட இழுங்கப்பா, அக்கட்ட, திரை கோணலா இருந்தா பந்தெல்லாம் வைடு போயிருமில்ல" என்று சத்தம் போட்டார், கயிறு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். நாளைக்கு மேட்ச். எந்த மேட்ச் என்று யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டியதுமில்லை, ஆஸ்திரேலியா என்றால் ஆஸ்திரேலியா மேட்ச் என்பார்கள், இங்கிலாந்து என்றால் இங்கிலாந்து மேட்ச், வெறுமனே மேட்ச் என்றால் இந்தியாவும் பாகிஸ்தானும்தான். காலையிலேயே குடியிருப்பு வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள், அனைவரும் குடும்பத்துடன் நீல உடையில் திரண்டு வந்து நமது அணியை உற்சாகப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம், கீழே ஒரு கொடி. அதற்கு எல்லோரும் ஆளுக்கொரு கொடி போட்டார்கள். ஷிஃபானா இரண்டு போட்டாள். அனுப்பின பிறகுதான் பார்த்தாள், மற்றவர்கள் எல்லாம் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு என்பது அதிகமோ, இவளுக்கு மட்டும் எதற்கு இரண்டு என்று தோன்றுமோ, அழித்துவிட்டு ஒன்று போடலாமா, அழித்தால் செய்தி நீக்கப்பட்டது என்று அங்கேயே நிற்கும், கொடியை அழித்தவள் என்று ஆகிவிடும், அது இதைவிட மோசம். சோறு வடிக்கும்போது அதை நினைத்தாள், குக்கரைத் தேய்க்கும்போது அதை நினைத்தாள். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கவனிக்காத ஆட்களுக்கு முன்னால் ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள், வாய் மட்டும் தானாக முணுமுணுத்தது, ஹஸ்புனல்லாஹ் என்று தொடங்கி எங்கோ நடுவில் கான்வென்ட் பிரார்த்தனைக் கூட்டத்தில் பத்து வருஷம் சொன்ன அருள் நிறைந்த மரியேவுக்குள் வழுக்கிப் போயிற்று. பயம் வந்தால் இப்படித்தான், இரண்டும் கலந்துவிடும். மர்யம் நமக்கும் வேண்டப்பட்டவர்தானே.

பயம் சட்டையைப் பற்றியது அல்ல. சட்டை துணி, காயாவிட்டால் காயவில்லை என்று சொல்லிவிடலாம், நாளைக்கு அதைத்தான் போடுவேன் என்று ஆறு வயதுப் பையன் கொஞ்சம் சிணுங்குவான், அவ்வளவுதான். பயம் அவன் கையைப் பற்றியது. நவ்ஃபலுக்கு இடதுகைப் பழக்கம். சோறு மட்டும் வலதுகையால் தின்னப் பழக்கியாயிற்று, மற்றதெல்லாம் இடது. சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி, கூடத்தின் அந்தக் கோடியில் பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்து, இந்தக் கோடியில் சமையலறை வாசலிலிருந்து ஓடி வந்து போடுவான். அந்த நாட்டு அணியில் உயரமாக ஒரு இடதுகைப் பந்துவீச்சாளன் இருக்கிறான், கடைசி நேரத்தில் மணிக்கட்டை ஒரு மாதிரி மடிப்பான், பந்து வெளியே போகிறதுபோல் போய்ச் சட்டென்று உள்ளே திரும்பும். செல்போனில் அதை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, கண்ணாடி முன்னால் நின்று மணிக்கட்டை மடித்து மடித்துப் பார்ப்பான் நவ்ஃபல். அவன் எந்த நாடு, அங்கே யார் ஆள்கிறார்கள், எல்லைக்கோடு எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது. அந்த மணிக்கட்டு தெரியும். இந்தியா ஜெயித்தால் சோபா மேல் ஏறிக் குதிக்கிறவனும் அவன்தான், தோற்றால் சாப்பிடாமல் படுக்கிறவனும் அவன்தான், ஆனால் ஸ்டம்பு பறந்தால் யாருடைய ஸ்டம்பு என்று பார்க்க மாட்டான். போன வருஷம் அதுதான் நடந்தது. அசோசியேஷன் ஹாலில் பிள்ளைகளெல்லாம் முன்னால் ஜமுக்காளத்தில், ஆண்கள் பின்னால் நாற்காலியில், பெண்கள் சுவரோரமாகத் தட்டும் கையுமாக. மூன்றாவது பந்தோ நாலாவது பந்தோ, நம்முடைய தொடக்க ஆட்டக்காரரின் நடு ஸ்டம்பு எகிறி விழுந்தது. ஹால் அப்படியே அமுங்கிப் போயிற்று. அந்த அமைதிக்குள் டப் டப் டப் என்று சின்னக் கைதட்டல். நவ்ஃபல் எழுந்து நின்றுகொண்டு, "உள்ள வந்துச்சு பாத்தீங்களா! உள்ள வந்துச்சு பாத்தீங்களா!" என்று எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கேட்டான். பின்வரிசையிலிருந்து யாரோ, "யார்றா தம்பி அது, அந்தூர்க்காரனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நவ்ஃபலும் சிரித்தான், தன்னால்தான் இத்தனை பேரும் சிரிக்கிறார்கள் என்ற பெருமையில். அவளும் சிரித்தாள். கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம், எழுந்து வந்திருக்கலாம், அது நல்ல சிரிப்பு, சிரித்தவர்கள் அதற்கு அடுத்த ஓவரிலேயே அவனுக்கு முறுக்கு கொடுத்தார்கள். அதனால்தான் அது இன்னும் தொண்டையில் நிற்கிறது. அவனுக்கு அப்போது ஐந்து வயது. ஐந்து வயதில் செய்தால் சிரிப்பார்கள். ஆறில்? எட்டில்? மீசை முளைத்த பிறகு?

அன்றைக்குச் சிரிக்காதவர் ஒருவர்தான், அபுதாஹிர், அவள் புருஷன். பின்வரிசை ஓரத்தில் வழக்கம்போல் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியில் நாலு பேரோடு கிரிக்கெட் பார்த்தால் அவருக்கு அப்படித்தான் உட்கார வரும். கல்யாணமான புதிதில் அவருடைய மோட்டார் கம்பெனிக் கேண்டீனில் குடும்பத்தோடு ஒரு மேட்ச் பார்த்தபோது அவள் காதோரம் குனிந்து, "என்னங்க, முட்டை அடைகாக்குறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, பொரிஞ்சதும் சொல்றேன்" என்றார். அப்போதிருந்து அது வீட்டில் ஒரு கேலி. போன வருஷம் வீட்டுக்கு வந்த பிறகு அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம், பிள்ளையைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள், கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளக்கூடாதா, குஞ்சு பொரிக்கிற கோழிக்குக்கூடத் தன் குஞ்சைத் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டாள். சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

"அம்மிணி, உள்ளார இருக்கியா?" பக்கத்து வீட்டுப் பால்கனியிலிருந்து பூங்கொடி அக்கா எட்டிப் பார்த்தாள். ஷிஃபானாவின் கை தானாக விரிப்பின் ஓரத்தை இழுத்து விட்டது. "இருக்கேங்க்கா." "நாளைக்கு உன்ற பிரியாணின்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேன், காலை வாரி விட்டுராத." "அதுக்கென்னக்கா, செஞ்சிடலாம். ஜெயிச்சா பிரியாணி, தோத்தா?" "தோத்தாலும் பிரியாணிதான். என்ன, எங்கூட்டுக்காரரு உப்பு கம்மி, காரம் ஜாஸ்தின்னு ஆயிரம் குத்தம் சொல்லித் திம்பாரு, அவ்வளவுதான்." இருவரும் சிரித்தார்கள். பூங்கொடி அக்கா நல்லவள். நல்லவள் என்றால் வாய்வார்த்தைக்கு இல்லை, நவ்ஃபலுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்றைக்கு, அபுதாஹிர் கம்பெனியில் இருக்கும்போது, செருப்புக்கூடப் போடாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினவள். இவளிடம் சொல்லலாம், அக்கா எனக்கு நாளைக்கு நினைச்சாப் பயமா இருக்கு என்று. சொன்னால் கையைப் பிடித்துக்கொள்வாள். அடப் பைத்தியமே, எங்களைப் போய் அப்படி நினைச்சயா என்பாள், கண்ணில் தண்ணீர்கூட வரும். அதற்கப்புறம் ஒவ்வொரு மேட்சுக்கும் அந்தக் கண் இவளை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திரைக்குப் போகும், பாவம் இவள் பயப்படுவாளே என்று. அது வேண்டாம். இப்போது பூங்கொடி அக்கா கழுத்தை நீட்டி விரிப்புக்குப் பின்னால் பார்த்துவிட்டாள். "அதென்ன, பையனோட ஸ்கூல் பனியனா? ஏஞ்சாமி இப்படி உள்ளார போட்டு வச்சிருக்க, மக்கின வாடை அடிக்குமில்ல? முன்னால போடு, அரை மணியில காஞ்சிரும்." "போடறேங்க்கா." "இந்த விரிப்புதான் காத்தையே மறைக்குது பாரு." "ஆமாங்க்கா." அக்கா உள்ளே போய்விட்டாள். ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு பச்சைச் சட்டையைப் பார்த்தாள், மக்கின வாடையைத்தான் நினைத்தாள். அப்படிப் பார்க்க முடிகிறவர்களின் நிம்மதி எப்படி இருக்கும்? ஷிஃபானா சட்டையை எடுத்து முன்னால் போடவில்லை. சட்டையின் அடியில் தொங்கிய ஒரு சொட்டு விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

தப்பு யாருடையது? அவளுடையதுதான். பிள்ளைக்குக் கைதட்டப் பழக்கினதே அவள். திண்டுக்கல் கான்வென்ட்டில் பெர்னதெத் சிஸ்டர் அவளுக்குப் பழக்கினார், அவள் இவனுக்குப் பழக்கினாள். ஒன்பதாம் வகுப்பில் த்ரோபால் இறுதி ஆட்டம், அவள் கிரீன் ஹவுஸ் கேப்டன், கடைசிப் புள்ளியில் மஞ்சள் ஹவுஸிடம் தோற்றார்கள். மஞ்சள் கேப்டன் எறிந்த அந்தக் கடைசிப் பந்து வலையை உரசிக்கொண்டு இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கிரீன் ஹவுஸ் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று நின்றது. சிஸ்டர் விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து காதை அவர்கள் பக்கமாகச் சாய்த்து, "கிரீன் ஹவுஸ், எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். ஒருத்தி தட்டினாள், இரண்டு பேர் தட்டினார்கள், சிஸ்டர் காதை நிமிர்த்தவில்லை, உள்ளங்கை சிவக்கச் சிவக்க எல்லோரும் தட்டிய பிறகுதான் போனார். அழுதுகொண்டே தட்டினாள் ஷிஃபானா. ஆனால் தட்டத் தட்டத்தான் அந்தப் பந்து எவ்வளவு அழகாக இறங்கியது என்று பார்க்க முடிந்தது, அன்று மாலை மஞ்சள் கேப்டனும் அவளும் ஒரே ஐஸ்குச்சியை மாற்றி மாற்றிச் சப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அதைத்தான் நவ்ஃபலுக்குச் சொல்லிக்கொடுத்தாள், எதிர் டீம் நல்லா ஆடினாலும் தட்டணும், அதுதான் மேனர்ஸ், தட்டாதவன் பாதி ஆட்டம்தான் பார்த்தவன். சொல்லிக்கொடுக்கும்போது எல்லா நாடும் அவள் மனசில் இருந்தது, ஒன்றைத் தவிர. இப்போது என்னவென்று சொல்வது? ஆஸ்திரேலியாவுக்குத் தட்டு, இங்கிலாந்துக்குத் தட்டு, நியூசிலாந்துக்கு எழுந்து நின்றே தட்டு, இவங்களுக்கு மட்டும் தட்டாதே. ஏன்மா? பக்கத்து வீட்டு ஹர்ஷித் தட்டலாம், அவன் தட்டினால் பையன் என்ன ஸ்போர்ட்டிவ் பாரு என்பார்கள், நீ தட்டக்கூடாது. ஏன்மா? அந்த ஏன்மாவுக்கு முன்னால் அவள் பத்து வருஷக் கான்வென்ட்டும் கல்லூரிப் பட்டமும் ஊமையாக நின்றன. உன் பேர் நவ்ஃபல், அதனால். இதை எந்தக் குரலில் சொல்வது? சோறூட்டுகிற குரலிலா, ரோடு கிராஸ் பண்ணும்போது கையைப் பிடிச்சுக்கோ என்கிற குரலிலா?

யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளைப் பெற்ற அத்தாவும் சொன்னதில்லை, செய்தார், அவள் பார்த்தாள். திண்டுக்கல்லில் அத்தாவுக்குப் பூட்டுக் கடை. மேட்ச் நாளில் ரேடியோவைக் கடைக்குள் வைக்காமல் வாசல் பலகையில் வைப்பார், சத்தத்தைத் தெருக்கோடி வரைக்கும் கூட்டி. வீட்டுப் பரண்மேல் ஒரு சரவெடிப் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும், தீபாவளிக்கு வாங்குகிறவர்களோடு சேர்ந்து வாங்கி வைத்தது. இந்தியா ஜெயித்தால் தெருவில் முதல் வெடி நம்ம வீட்டு வெடியாக இருக்க வேண்டும், அது அத்தாவின் சட்டம். ஒரு தடவை கடைசிப் பந்தில் ஜெயித்தது. அத்தா ரேடியோ முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சிறு பிள்ளைபோல் அழுதார், சந்தோஷத்தில், தோள் குலுங்க. ஷிஃபானாவுக்கு அப்போது நவ்ஃபல் வயதுதான் இருக்கும், அவர் முதுகில் சாய்ந்துகொண்டு அவளும் அழுதாள், எதற்கென்று தெரியாமல். சட்டென்று அவர் கண்ணைத் துடைத்தார், "அய்யய்யோ, வெடி, வெடி" என்று பரண்மேல் ஏறினார், தீப்பெட்டி அகப்படவில்லை, "அடுப்படியில பாரு புள்ள, சீக்கிரம், சீக்கிரம், யாரும் முந்திறப் போறாங்க" என்று கத்தினார். அந்தக் குரல். அழுகை இன்னும் காயாத தொண்டையில் வந்த அந்த அவசரம். அந்த அழுகை மொத்தமும் நிஜம், அதில் ஒரு சொட்டுக்கூட யாருக்காகவும் அழுததில்லை, ஆனாலும் அதை முடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, பாதியிலேயே எழுந்து வெடி கொளுத்தப் போக வேண்டியிருந்தது. தெருவில் எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள், பாய் வெடிதான் எப்பவும் முதல் வெடி என்றார்கள். அவருக்கு அது பெருமைதான். வாட்சப்பில் இரண்டு கொடி போட்டது யாருடைய கை என்று இப்போது தெரிகிறது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அபுதாஹிர் வந்துவிட்டார், மேலெல்லாம் சாரல், கையில் ஒரு பை. பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார், அதுவே வாயைத் திறந்து நீலத்தைக் காட்டியது. நவ்ஃபலுக்கு நீல ஜெர்சி. அவள் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள், தோள் அவனுக்கு இரண்டு வருஷம் பெரியது. "இது எதுக்குங்க இப்ப?" "எல்லாப் பிள்ளைங்களும் போடும்ல. இருக்கட்டும்." "எட்டு வயசுச் சைஸ் இது." "வளருவான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே பால்கனியைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், முந்தாநாள் மாற்றின விரிப்பு என்று அவருக்கும் தெரியும், இரவில் அதில்தானே படுக்கிறார். "அந்தப் பச்சை காஞ்சிருச்சா?" என்று கேட்டார். "காயல." "ம்." அந்த ம்-மில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கேட்டாள், தன் நெஞ்சிலும் அதே நிம்மதி இருப்பதைப் பார்த்தாள், இரண்டு நிம்மதியும் திருடர்கள் இருட்டில் இடித்துக்கொண்டதுபோல் ஒன்றையொன்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டன. "டீ போடட்டா?" "போடு." அவர் போய் சோபாவில் உட்கார்ந்தார். டிவியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு இது வெறும் ஆட்டம் இல்லை, இது வெறும் ஆட்டம் இல்லை என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர் சத்தத்தைக் குறைத்தார். அவள் பாலை அடுப்பில் வைத்தாள். நாளைக்குப் போகாமலே இருந்துவிடலாம், பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். பூங்கொடி அக்கா ரசம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். திண்டுக்கல்லுக்குப் போய்விடலாம். மேட்ச் நாளில் ஊரைவிட்டுப் போனவள் என்று ஆகாதா? போவது, போய் உட்காருவது, பையனைத் தன் பக்கத்தில், தன் மடியில், அவன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொள்வது. ஆட்டம் முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்க முடியுமா? இந்த வருஷம் பிடிக்கலாம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

நவ்ஃபல் கீழேயிருந்து ஓடி வந்தான், முழங்காலில் சேறு, மூச்சிரைப்பு. "அம்மா, ஸ்க்ரீன் எவ்ளோ பெருசு தெரியுமா, நம்ம ஹால் மாதிரி மூணு ஹால்!" வந்த வேகத்தில் மேசைமேல் நீலத்தைப் பார்த்தான், எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தான், முழங்கால் வரை தொங்கியது. இப்போது சொல்லிவிட வேண்டும், டீ ஆறினால் ஆறட்டும். ஷிஃபானா அவனைச் சோபாவில் உட்கார வைத்தாள், எதிரே தரையில் மண்டியிட்டாள், சேற்றைத் துடைக்கிற சாக்கில் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நவ்ஃபல் கண்ணு, நாளைக்கு மேட்ச் பாக்கப் போறோம்ல, அப்ப வந்து..." எந்தக் குரலில்? "அப்ப வந்து, அம்மா ஒண்ணு சொல்லுவேன், நீ ஏன்னு கேக்கக் கூடாது." அவன் அவளையே பார்த்தான். அப்புறம், "தெரியும்மா" என்றான். "என்ன தெரியும்?" "நாளைக்கு அவங்க விக்கெட் எடுத்தாத் தட்டக் கூடாது, அதானே?" யாராவது சொன்னார்களா, கீழே விளையாடும்போது, பள்ளிக்கூட வேனில்? "எனக்கு அதுக்கு ஒரு டெக்னிக் தெரியும்" என்று அவன் உற்சாகமாக நகர்ந்து உட்கார்ந்தான், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி நன்றாக அழுத்திக்கொண்டான், "இப்படி வச்சுக்கிட்டா கை தானா வராது. அத்தா இப்படித்தான் உக்காருவாங்க. நான் போன தடவையே பாத்துட்டேன்."

ஷிஃபானா திரும்பினாள். சோபாவின் மறுமுனையில் அபுதாஹிர் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளும் தொடைக்கடியில், ஓடுகிற டிவிக்கு முன்னால், சொந்த வீட்டில். மகன் சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்ததுபோல் கீழே குனிந்து பார்த்தார், ஆனால் கையை எடுக்கவில்லை, எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல். முட்டை அடைகாக்குறீங்களா. பொரிஞ்சதும் சொல்றேன். ஏழு வருஷமாக அவள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள், அவரும் கூடவே சிரித்திருக்கிறார். கேண்டீனில், அசோசியேஷன் ஹாலில், அவள் அண்ணன் கல்யாண வீட்டில்கூட. அவருக்கும் ஸ்டம்பு பறந்தால் பிடிக்கும். அவருக்கும் அந்த மணிக்கட்டு தெரியும். செல்போனில் அந்தப் பந்தைத் தேடி எடுத்து மகனுக்கு முதலில் காட்டியது யார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. போன வருஷம் அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் மகனைக் கூப்பிட்டு மடியில் வைக்காதது ஏன்? கையை எடுக்க வேண்டுமே. எடுத்தால் அது எங்கே போகும் என்று அவருக்கே நிச்சயம் இல்லையே. ஷிஃபானா எதைச் சொல்லிக்கொடுக்கப் பயந்து காலையிலிருந்து பால்கனிக்கும் அடுப்படிக்கும் நடந்தாளோ, அது அவளைக் கேட்காமலே வீட்டுக்குள் வந்து, மகன் தொடைக்கடியில் கதகதப்பாக உட்கார்ந்திருந்தது. அவன் முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒரு புது வித்தை கற்ற பெருமைதான் இருந்தது அந்த முகத்தில்.

"எந்திரி" என்றாள். "அம்மா, நான் கரெக்டாத்தானே..." "எந்திரிச்சு சாக்ஸ எடு. ஸ்டூல வை." "இப்பவா?" "இப்பவேதான். அந்தப் பந்து போடு, உள்ள வர்ற பந்து." அவன் அத்தாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், இது கோபமா விளையாட்டா என்று புரியாமல், பிறகு புரிந்துவிட்டதுபோல் ஓடினான். ஸ்டூல் அந்தக் கோடிக்குப் போயிற்று. சமையலறை வாசலிலிருந்து வந்தான், நாலு எட்டு, சின்னத் துள்ளல், இடதுகை காதோரம் உரசி மேலே போயிற்று, மணிக்கட்டு மடிந்தது. சாக்ஸ் உருண்டை மேசைக் காலுக்கு வெளியே போகிறதுபோல் போய், எப்படியோ, ஸ்டூலின் காலில் தட்டியது. ஸ்டூல் ஆடி விழுந்தது. ஷிஃபானா தட்டினாள். பெர்னதெத் சிஸ்டர் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறதுபோல், உள்ளங்கை சிவக்க, பலமாக, நிறுத்தாமல் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள், பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள்கூடப் போட்டிருந்தது. மகனை எந்திரி என்று சொல்லிவிட்டு அவன் ஸ்டூலை நகர்த்துகிற இடைவெளியில் அவளே போய்ச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். காலுக்கும் கைக்கும் அது தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. கைதட்டல் தானாக ஓய்ந்தது. அபுதாஹிர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். சாரல் காற்று குபீரென்று உள்ளே வந்து மேசைமேல் இருந்த நீலப் பையைக் கீழே தள்ளியது. வெளியே இறங்கி விரிப்பை உருவி நாற்காலிமேல் போட்டாள், உள்கொடியிலிருந்து பச்சையை எடுத்து உதறினாள். நாளைக்கு அவன் எதைப் போட்டுக்கொள்வான், தட்டுவானா மாட்டானா, யார் சிரிப்பார்கள், அது எந்த மாதிரிச் சிரிப்பாக இருக்கும், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஈரத்துணி காய வேண்டும், அதுமட்டும் தெரிந்தது. கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு சட்டையின் தோள்களை வெளிக்கொடியில் விரித்தாள். கீழே ஏணியிலிருந்து நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சட்டையைப் பார்த்தாரா, அவளைப் பார்த்தாரா? "ஏனுங் அம்மிணி, சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுங்களே, விக்கெட்டுங்களா?" கதவு சாத்தியிருந்தும் கேட்டிருக்கிறது. வாயில் கிளிப்போடு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "அதேதானுங், நாளைக்கும் இப்படிச் சத்தம் வரோணும்" என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அவள் யோசிக்கத் தொடங்குவதற்குள் உள்ளேயிருந்து நவ்ஃபலின் குரல், "அம்மா, இன்னொண்ணு போடறேன், பாரு, பாரு!" ஈரச் சட்டை இரண்டு கையிலும் இருந்தது, திரும்ப முடியவில்லை. ஓடி வருகிற பாதங்கள் கேட்டன, துள்ளல் கேட்டது, ஸ்டூல் தரையில் உருளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கிளிப்பைக் கவ்வியபடி நின்றாள். சோபா ஸ்பிரிங் முனகியது. பிறகு, திறந்த கதவு வழியாக, வெகுகாலம் எதன் அடியிலோ இருந்து மரத்துப்போன இரண்டு பெரிய கைகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கிறதுபோல், தயங்கித் தயங்கி, ஒரு கைதட்டல்.